ஜப்பானில் அன்றாடம் கையில் எவ்வளவு ரொக்கம் வைத்திருப்பது?

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து சேரும் நம்மவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்விகளில் ஒன்று, பர்ஸில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது. என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வங்கிக் கணக்கும், பணம் ஏற்றிவைத்துப் பயன்படுத்தும் ரயில் அட்டையும் பெற்றுவிட்ட ஒருவருக்கு நகரத்தில் 15,000 யென் அளவில் இருந்தால் போதும். அதில் குறைந்தது ஐந்து 1,000 யென் தாள்களும் நான்கைந்து 100 யென் காசுகளும் இருக்க வேண்டும். மீதியை ஒரே 10,000 யென் தாளாக, சட்டென்று கைக்கு வராத உள்ளறையில் மடித்து வைத்துவிடலாம். இங்கே மொத்தத் தொகை இரண்டாம்பட்சம். அது எந்தெந்தத் தாளாகவும் காசாகவும் இருக்கிறது என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. பர்ஸில் 20,000 யென் இருந்தும் மதியச் சாப்பாடு கிடைக்காமல் திரும்பிய நாள் எனக்கு உண்டு.

அது நான் வந்த இரண்டாவது வாரம். அலுவலகத்துக்குப் பின்புறச் சந்தில், எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு நூடுல்ஸ் கடை. வாசலைத் தாண்டியதும் ஆளுயர இயந்திரம் ஒன்று நிற்கும். பணத்தைப் போட்டு, வேண்டிய உணவின் பொத்தானை அழுத்தி, அது துப்பும் சிறு சீட்டை எடுத்துச் சென்று மேசையில் வைத்தால்தான் சாப்பாடு. என்னிடம் இருந்தவை இரண்டு 10,000 யென் தாள்கள். ஒன்றை நுழைத்தேன், திருப்பித் தள்ளியது. தலைகீழாக நுழைத்தேன்; மறுபடியும் தள்ளியது. தாள் போகும் வாயின் மேல் 1,000 யென் தாளின் படமும், பெரிய தாள்கள் மேல் குறுக்குக் கோடும் ஒட்டியிருப்பதை அப்போதுதான் பார்த்தேன். பின்னால் மூன்று பேர் ஒரு வார்த்தையும் பேசாமல் காத்திருந்தார்கள். கடைக்காரர் கொதிக்கும் பானையை விட்டு நகர முடியாத வேலையில் இருந்தார். குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இளநீர் வண்டியிலும் கியூஆர் அட்டை தொங்கும் ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஜப்பானிலும் ரொக்கமில்லாப் பணம் செலுத்துதல் வேகமாகப் பரவியிருக்கிறது. அரசு 2025க்குள் 40 சதவீதத்தை எட்ட வேண்டும் என்று வைத்திருந்த இலக்கு, 2024ஆம் ஆண்டுக் கணக்கிலேயே 42.8 சதவீதமாகத் தாண்டப்பட்டது. ஆனால் அந்தச் சதவீதம் செலவான தொகையை வைத்துப் போடப்படுவது. ஒரு நாளில் எத்தனை முறை பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது என்பதை அது சொல்லாது. குளிர்சாதனப் பெட்டி வாங்கும்போது அட்டை செல்லும். துணி துவைக்கும் இயந்திரக் கடையில் 100 யென் காசு வேண்டும்.

எனவே எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடும் முன், ரொக்கம் மட்டுமே செல்லும் இடங்களை அறிந்துகொள்ளுங்கள். பெரிய அங்காடிகள், கொன்பினி எனப்படும் 24 மணிநேரக் கடைகள், சங்கிலி உணவகங்கள், டோக்கியோ டாக்சிகள் ஆகியவற்றைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அங்கே அட்டையோ கைப்பேசியோ செல்லும். சீட்டு இயந்திரம் வைத்த சிறு உணவகங்கள், தெருமுனைக் காய்கறிக் கடைகள், தனி மருத்துவர்களின் சிகிச்சையகங்கள், கோயில் திருவிழாக் கடைகள், நகரத்துக்கு வெளியே ஓடும் சில பேருந்துகள், காசு போட்டுத் துவைக்கும் கடைகள், ரயில் நிலையங்களில் காசு போட்டுச் சாமான் வைக்கும் பழைய பெட்டகங்கள் ஆகியவையே ரொக்கத்தைக் கேட்பவை. இவற்றில் மருத்துவமனையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒரு தடவைக்கு 100 யெனிலிருந்து 2,000 யென் வரைதான் ஆகும். ஆகவே ஐந்து 1,000 யென் தாள்கள் என்று நான் சொன்னது ஒரு சாதாரண நாளின் எல்லாச் சிறு செலவுகளையும் தாங்கும்.

மருத்துவமனை கதை வேறு. தேசிய மருத்துவக் காப்பீட்டில் பெரியவர்கள் பெரும்பாலும் கட்டணத்தில் 30 சதவீதத்தைத் தங்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டும். சளி, காய்ச்சலுக்கு மருத்துவரைப் பார்த்து, அடுத்த கட்டடத்து மருந்துக் கடையில் மாத்திரையும் வாங்கினால் 3,000 யென் அளவில் முடிந்துவிடும். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று போனால் அதற்கு மேல் ஆகும். சிறு சிகிச்சையகங்களில் அட்டை வாங்காதவை இன்னும் பல உள்ளன. இரவிலும் விடுமுறை நாட்களிலும் இன்னொரு சிக்கல் உண்டு. மருத்துவமனைக் கணக்குப் பிரிவு மூடியிருப்பதால் கட்டணத்தை அப்போதே கணக்கிட முடியாது. முன்பணமாக ஒரு தொகையை வாங்கி வைத்துக்கொண்டு, வேலை நாளில் வந்து கணக்கை நேர் செய்யும்படி சொல்வார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, சாம்பாருக்காகப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜப்பானியப் பூசணி நம் ஊர்ப் பரங்கியைப் போல் இளகியதல்ல. தோல் கட்டை போல் இருக்கும். கத்தி வழுக்கி இடது கட்டைவிரலின் அடியில் ஆழமாக இறங்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டு அருகிலிருந்த மருத்துவமனைக்கு ஓடினேன். நான்கு தையல் போட்டார்கள், மிக நன்றாகவே கவனித்தார்கள். வெளியே வரும்போது முகப்பில் இருந்தவர் 10,000 யென் முன்பணம் வைத்துவிட்டுப் போகும்படி தாழ்ந்த குரலில் சொன்னார்; அந்த நேரத்தில் அட்டை இயந்திரம் இயங்காது என்பதற்காக இரண்டு முறை மன்னிப்பும் கேட்டார். என் பர்ஸில் இருந்தது 2,300 யென். காப்பீட்டு அட்டையை அங்கேயே விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த கொன்பினிக்கு நடந்து, கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஏடிஎம்மில் எண்களை அழுத்தியது இப்போதும் நினைவிருக்கிறது. உள்ளறையில் மடித்த 10,000 யென் தாளை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான். அதை மதியச் சாப்பாட்டுக்கும் காய்கறிக்கும் உடைக்காதீர்கள். உடைக்க நேர்ந்தால் அன்றைக்கே வேறொன்றை அந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.

சிறிய தாள்களை எங்கே பெறுவது என்பது அடுத்த கேள்வி. ஏடிஎம்மில் 10,000 யென் கேட்டால் ஒரே தாளாக வந்து நிற்கும். அதற்குப் பதில் 9,000 யென் என்று கேளுங்கள். பெரிய தாள் வர வழியே இல்லை. ரயில் நிலையம் வழியாகப் போகிறவராக இருந்தால் இன்னும் எளிய வழி உண்டு: அட்டையில் பணம் ஏற்றும் இயந்திரத்தில் 10,000 யென் தாளை இட்டு, 1,000 யென் மட்டும் ஏற்றும்படி சொன்னால், மீதி 9,000 யெனும் சிறிய தாள்களாகத் திரும்பி வரும். இதற்குக் கட்டணம் ஏதும் இல்லை, யாரிடமும் கெஞ்ச வேண்டியதும் இல்லை. கொன்பினியில் 130 யென் தேநீர்ப் புட்டிக்கு 10,000 யென் தாளை நீட்டினாலும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வார்கள். மீதித் தாள்களை விசிறி போல் விரித்து, உங்கள் கண்ணெதிரே எண்ணிக் காட்டித்தான் கொடுப்பார்கள். பேருந்தில் மட்டும் இதைச் செய்ய முடியாது. ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கட்டணப் பெட்டியில் சில்லறை மாற்றும் வசதி இருந்தாலும் அது பெரும்பாலும் 1,000 யென் தாளைத்தான் ஏற்கும். பல ஊர்ப் பேருந்துகளில் கட்டணத்தைச் சரியாக எண்ணிப் போட வேண்டும். போட்ட காசுக்கு மீதி வராது.

ஏடிஎம் கட்டணத்தையும் கவனியுங்கள். உங்கள் வங்கியின் சொந்த இயந்திரத்தில் வேலை நாளின் பகல் நேரத்தில் எடுத்தால் பொதுவாகக் கட்டணம் இல்லை. இரவிலோ வார இறுதியிலோ கொன்பினி இயந்திரத்திலோ எடுத்தால், வங்கியைப் பொறுத்து ஒரு தடவைக்கு 110 யெனிலிருந்து 330 யென் வரை பிடிப்பார்கள். வாரத்துக்கு மூன்று தடவை 3,000, 3,000 யெனாக எடுக்கும் பழக்கம் உள்ளவர், மாதக் கடைசியில் ஒரு நல்ல சாப்பாட்டுக்கான பணத்தை வங்கிக்கே கொடுத்திருப்பார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 29,000 யென் எடுத்து, 15,000 யெனைப் பர்ஸிலும் மீதியை வீட்டிலும் வைப்பது என் வழக்கம். மாதத்தின் 25ஆம் தேதி பெரும்பாலான நிறுவனங்களில் சம்பள நாள். அன்று மதியம் ஏடிஎம் வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தால் ஜப்பானியர்கள் இன்னும் எவ்வளவு ரொக்கம் புழங்குகிறார்கள் என்பது புரியும்.

தாள்களைப் பற்றி இன்னும் சில செய்திகளைத் தெரிந்துகொள்வது நல்லது. 2024 ஜூலை 3 அன்று புதிய தாள்கள் வெளிவந்தன: 10,000 யெனில் தொழிலதிபர் ஷிபுசவா எயிச்சி, 5,000 யெனில் பெண் கல்விக்கு உழைத்த ட்சுதா உமேகோ, 1,000 யெனில் நுண்ணுயிரியல் அறிஞர் கிதசதோ ஷிபசபுரோ. பழைய தாள்கள் செல்லாதவை ஆகவில்லை. 2016 நவம்பர் 8 இரவை அனுபவித்த நம்மவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் சிறு கடைகளின் பழைய சீட்டு இயந்திரங்களில் சில புதிய முகங்களை இன்னும் அடையாளம் காண்பதில்லை. இயந்திரத்தை மாற்றும் செலவை ஒரு சிறு கடை எளிதில் தாங்க முடியாது என்பதே காரணம். 2021 நவம்பரில் வந்த இருநிற 500 யென் காசுக்கும் இதே கதி நேர்ந்தது. தப்பித் தவறி 2,000 யென் தாள் ஒன்று கையில் வந்தால், அதன் மேல் உள்ள ஒகினாவா வாயிலின் அழகை ரசித்துவிட்டு, ஆள் நிற்கும் கல்லாவில் கொடுத்துவிடுங்கள். இயந்திரங்கள் பலவும் அதை ஏற்பதில்லை.

இனிச் சில்லறை. ஜப்பானில் பொருள்களுக்கு 10 சதவீதமும் உணவுப் பொருள்களுக்கு 8 சதவீதமும் நுகர்வு வரி உண்டு; அதனால் தொகை 648, 1,077 என்று விநோதமாகத்தான் முடியும். நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் பர்ஸ் செங்கல்லாகிவிடும். 1 யென், 5 யென் காசுகளைத் தானியங்கி இயந்திரங்கள் ஏற்பதில்லை; 10 யெனிலிருந்துதான் அவை கண் திறக்கும். 5 யென் காசை முதலில் பார்ப்பவர்கள் சற்றுத் திகைப்பார்கள்: நடுவில் ஓட்டை, மதிப்பு ஜப்பானிய எழுத்தில் மட்டும், எண் எங்கும் இல்லை. என் தாத்தாவின் பெட்டியில் கிடந்த ஓட்டைக் காலணாவின் நினைவுதான் எனக்கு வந்தது. வெள்ளி நிற ஓட்டைக் காசு 50 யென், பித்தளை நிற ஓட்டைக் காசு 5 யென் என்று நினைவில் கொண்டால் போதும். 5 யெனை அவர்கள் சொல்லும் ஒலியும் 'நல்ல தொடர்பு' என்று பொருள்படும் சொல்லின் ஒலியும் ஒன்றாக இருப்பதால், கோயில் உண்டியலில் அதைப் போடுவது அங்கே வழக்கம். உங்களிடம் சேரும் 5 யென் காசுகளுக்கு அதைவிட நல்ல போக்கிடம் இல்லை.

காசைக் குறைக்க ஜப்பானியர்கள் தினமும் செய்யும் ஒரு கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். தொகை 648 யென் என்றால், 1,000 யென் தாளை மட்டும் கொடுத்து 352 யெனைச் சில்லறையாக வாங்காமல், 1,148 யெனைக் கொடுப்பார்கள். ஒரே ஒரு 500 யென் காசு திரும்பி வரும். நம் ஊரிலும் பேருந்து நடத்துநர் 'மூணு ரூபா இருந்தாக் குடுங்க' என்று கேட்பதில்லையா, அதே கணக்குதான். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள், நீங்களாகவே கொடுக்க வேண்டும். கல்லாவின் முன் ஒரு சிறு தட்டு இருக்கும். பணத்தைக் கையில் திணிக்காமல் அதில் வையுங்கள். பல அங்காடிகளில் இப்போது பணம் செலுத்தும் இயந்திரத்தில் அகன்ற காசுக் குழி இருக்கிறது. பின்னால் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கையிலுள்ள சில்லறையை அள்ளி அதில் போட்டால் அதுவே எண்ணிக்கொள்ளும். ஆனால் வீட்டு உண்டியலை உடைத்துக் கொண்டுவந்து கொட்டாதீர்கள். குழி அடைத்துக்கொண்டால் கடையே நின்றுவிடும். ஒரே மதிப்புள்ள காசு 20க்கு மேல் போனால் கடைக்காரர் மறுக்கலாம் என்று அந்நாட்டுச் சட்டமே சொல்கிறது. தபால் வங்கியும் 2022 ஜனவரியிலிருந்து பெருமளவு காசைச் செலுத்துவதற்குக் கட்டணம் வாங்குகிறது. சேர்த்து வைத்து ஒரேயடியாகத் தீர்க்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், அன்றன்றைக்கே செலவழியுங்கள்.

சில்லறைத் தொல்லையைப் பாதியாகக் குறைப்பது சுய்கா, பாஸ்மோ போன்ற ரயில் அட்டைகள். ரயிலுக்கும் பேருந்துக்கும் மட்டுமன்றி, கொன்பினி, பானம் விற்கும் இயந்திரம், புதிய சாமான் பெட்டகம் எல்லாவற்றிலும் அவை செல்லும். ஓர் அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் ஏற்றலாம். எப்போதும் 3,000 யெனுக்குக் குறையாமல் வைத்திருந்தால், பர்ஸ் காலியான இரவிலும் வீடு போய்ச் சேரலாம், வழியில் ஒரு சோற்றுருண்டையும் வாங்கலாம். கைப்பேசிப் பணப்பைகளில் பரவலாகச் செல்வது பேபே. நம் பேச்சில் அந்த ஒலிக்கு வேறு பொருள் இருப்பதால் புதிதாக வருபவர்கள் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் அட்டை வாங்காத பல சிறு கடைகளில்கூட அதன் சிவப்பு முத்திரையைப் பார்க்கலாம். வங்கிக் கணக்கை இணைக்க முடியாதவர்கள் கொன்பினி ஏடிஎம்மில் ரொக்கத்தைச் செலுத்தியே அதில் பணம் ஏற்றிக்கொள்ளலாம். இவ்விரண்டும் கையில் இருந்தால் அன்றாட ரொக்கத்தை இன்னும் குறைத்துக்கொள்ளலாம் என்பது என் அனுபவம். உள்ளறைத் தாளில் மட்டும் கை வைக்க வேண்டாம்.

வந்த முதல் மாதத்துக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. வங்கிக் கணக்குக்குக் கைப்பேசி எண் கேட்பார்கள். கைப்பேசி எண்ணுக்கு வங்கிக் கணக்கோ கடன் அட்டையோ கேட்பார்கள். வந்து ஆறு மாதம் ஆகாதவருக்குக் கணக்குத் திறக்கத் தயங்கும் வங்கிகளும் உண்டு. அதனால்தான் பலரும் முதலில் தபால் வங்கிக்குப் போகிறார்கள். இந்த இடைவெளியில் போர்வை, பாத்திரம், அரிசி வேகவைக்கும் பானை, பழைய மிதிவண்டி என்று எல்லாவற்றையும் ரொக்கத்தில் வாங்க வேண்டிவரும். மின்சாரம், தேசிய மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியப் பங்களிப்பு ஆகியவற்றுக்கான பட்டைக்கோடு அச்சிட்ட சீட்டுகள் தபாலில் வரும். அவற்றைக் கொன்பினியில் கட்டும்போது பெரும்பாலும் ரொக்கமாகத்தான் கட்ட வேண்டும். நிறுவனம் வாடகையைப் பார்த்துக்கொள்ளுமானால், ஊரிலிருந்து 1,00,000 யென் கொண்டுவந்தால் முதல் மாதத்தைச் சமாளிக்கலாம். அதிலும் 20,000 யென் பர்ஸில் இருந்தால் போதும். மீதியை அறையில் இரண்டு இடங்களில் பிரித்து வையுங்கள். 10 லட்சம் யெனுக்கு மேற்பட்ட ரொக்கத்தோடு ஜப்பானுக்குள் வந்தாலும் வெளியே போனாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

நகரத்தை விட்டு வெளியே போகும் நாட்களில் பர்ஸைக் கொஞ்சம் கனமாக்குங்கள். ஒரு நாள் பயணத்துக்கு 20,000, இரண்டு நாளுக்கு 30,000 யென் என்பது என் அளவு. கியோத்தோவின் கோயில்களில் நுழைவுக் கட்டணம் 500, 600 யென் அளவில் இருக்கும். பல இடங்களில் அது ரொக்கம்தான். ஃபியூஜி மலை ஏறுகிறவர்கள் வழியிலுள்ள கழிப்பறைகளுக்காகவே ஒரு கைப்பிடி 100 யென் காசு எடுத்துச் செல்ல வேண்டும். ஒரு தடவைக்கு 200, 300 யென் ஆகும், குளிரில் அடிக்கடி போக வேண்டியிருக்கும், மேலே சில்லறை மாற்றித் தர ஆள் இருக்காது.

அலுவலகத்து மாலை விருந்துகளுக்கும் தனிக் கணக்கு வேண்டும். ஏற்பாடு செய்பவர் ஒருவர் மொத்தத் தொகையையும் கட்டிவிட்டு, தலைக்கு 4,000, 5,000 யென் என்று வசூலிப்பார். பத்துப் பேரும் 10,000 யென் தாளை நீட்டினால் அவர் பாடு திண்டாட்டம். அன்று காலையிலேயே ஒரு 5,000 யென் தாளும் சில 1,000 யென் தாள்களும் தயாராக இருக்கட்டும். சக ஊழியரின் திருமணத்துக்கு அழைக்கப்பட்டால் 30,000 யென் வைப்பது வழக்கம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் தாள்கள், அவையும் மடிப்பே இல்லாத புதுத் தாள்கள். நாம் நூற்றொன்று, ஐந்நூற்றொன்று என்று மொய் எழுதுகிறோமே, அதே ஒற்றைப்படை நம்பிக்கைதான். புதுத் தாளுக்கு வங்கி முகப்புக்குப் போக வேண்டும் என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே ஏற்பாடு செய்யுங்கள். துக்க வீட்டில் இதற்கு நேர்மாறு: புதுத் தாள் வைத்தால் சாவை எதிர்பார்த்துத் தயாராக இருந்தது போலாகும் என்று கருதுவார்கள், புழங்கிய தாளை, அல்லது ஒரு மடிப்பு மடித்த தாளை உறையிலிட வேண்டும்.

பர்ஸுக்கு வெளியே, வீட்டில் வைக்க வேண்டிய தொகை ஒன்றும் உண்டு. 2018 செப்டம்பர் 6 அதிகாலை ஹொக்கைதோவில் நிலநடுக்கம் ஏற்பட்டு, ஏறத்தாழ தீவு முழுவதும், சுமார் 29.5 லட்சம் வீடுகளுக்கு மின்சாரம் நின்றுபோனது. அட்டை இயந்திரமும் கைப்பேசியும் ஏடிஎம்மும் ஓய்ந்துவிட, திறந்திருந்த கடைகளில் பால், ரொட்டி, மின்கலம் வாங்க முடிந்தது ரொக்கம் வைத்திருந்தவர்களால் மட்டுமே. நிலம் நடுங்காமலும் இப்படி நேரலாம்: 2021 பிப்ரவரி 28 அன்று ஒரு பெரிய வங்கியின் 4,000க்கும் மேற்பட்ட ஏடிஎம்கள் செயலிழந்து, வாடிக்கையாளர்களின் 5,000க்கும் மேற்பட்ட அட்டைகளையும் கணக்குப் புத்தகங்களையும் விழுங்கிக்கொண்டன. எனவே வீட்டில் வைக்க வேண்டியது, தனியாள் என்றால் 20,000, குடும்பம் என்றால் 40,000 யென். முழுவதும் 1,000 யென் தாள்களாக, கூடவே பத்துப் பதினைந்து 10 யென் காசுகளும் 100 யென் காசுகளும். 10 யென் காசு பொதுத் தொலைபேசிக்கு. அதில் 100 யென் காசும் செல்லும், ஆனால் மீதி வராது. மின்சாரம் இல்லாத கடையில் கல்லாவும் திறக்காது என்பதால் சரியான தொகையைக் கொடுப்பவருக்கே பொருள் கிடைக்கும். அம்மா அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் மடித்து வைத்திருப்பாரே, அந்த மாதிரி இதை வைக்கலாம். ஆனால் நிலநடுக்கப் பையிலேயே, தண்ணீரும் டார்ச்சும் இருக்கும் இடத்தில் வைப்பது மேல், ஓடும்போது சமையலறையில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

தொலைந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில் மிகக் குறைவாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஜப்பானில் அந்த அச்சம் ஓரளவு மிகையானது. 2023இல் மட்டும் டோக்கியோ காவல்துறையிடம் கண்டெடுத்து ஒப்படைக்கப்பட்ட ரொக்கம் சுமார் 440 கோடி யென். பர்ஸைத் தவறவிட்டால் அருகிலுள்ள கோபன் எனப்படும் சிறு காவல் நிலையத்துக்குப் போய் எழுதிக் கொடுங்கள். எந்த நிறம், எத்தனை தாள், வேறு என்னென்ன இருந்தன என்று பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொள்வார்கள். மூன்று மாதம் வரை உரியவருக்காகக் காத்திருப்பார்கள். கண்டெடுத்தவர் தொகையில் 5 முதல் 20 சதவீதம் வரை வெகுமதி கேட்க உரிமை உண்டு, பலர் கேட்பதில்லை. பர்ஸில் பணத்தைவிடக் கவனமாகக் காக்க வேண்டியது வசிப்பு அட்டை. வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், தவறினால் 2,00,000 யென் வரை அபராதம் விதிக்கலாம் என்பதால் வீட்டிலும் விட முடியாது. நான் அதையும் உள்ளறை 10,000 யென் தாளையும் பர்ஸில் வைக்காமல், சட்டைக்குள் தொங்கும் மெல்லிய அட்டை உறையில் வைத்திருக்கிறேன். பர்ஸ் போனாலும் அன்றைய இரவுக்கு வழி இருக்கும்.

விடுமுறைக்கு ஊருக்குப் புறப்படும்போது காசுகளைச் சுமந்து செல்ல வேண்டாம். சென்னையில் பணம் மாற்றுபவர்கள் தாள்களைத்தான் வாங்குவார்கள், காசுகளைத் தொட மாட்டார்கள். விமான நிலையக் கொன்பினியில் ரயில் அட்டை மிச்சத்தையும் கையிலுள்ள சில்லறையையும் சேர்த்துக் கொடுத்துத் தீனி வாங்கிவிடலாம். தொகையைப் பிரித்துக் கட்ட விரும்புவதாகச் சொன்னால் செய்து தருவார்கள். ஆனால் ஐந்து 1,000 யென் தாள்களையும் சில 100 யென் காசுகளையும் கடவுச்சீட்டு உறையிலேயே விட்டுவையுங்கள். இரவு பத்தரைக்கு நரிதா விமான நிலையத்தில் இறங்கி, கடைசி ரயிலுக்கு ஓடும்போது, பெட்டியை உருட்டிக்கொண்டு ஏடிஎம் வரிசையில் நிற்க நேரம் இருக்காது.